பஞ்சாமிர்தத்தில் நனைந்த சாவி

என் வீட்டுக்காரர் முத்துராஜ் ஓட்டுகிற ஜீப்புக்குச் சாவி என்று ஒன்று இருந்தது. சாவி என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். சோப்பு கரைந்து கரைந்து கடைசியில் ஒரு சில்லு மிஞ்சுமே, அந்த மாதிரி ஒரு இரும்புச் சில்லு. பல் எல்லாம் எப்போதோ கொட்டிப் போயிருந்தது.

அதைத் தேய்த்தது வேறு எதுவுமில்லை, பக்திதான். ஜீப்பின் முதலாளி குழந்தைவேலு அண்ணாச்சி, ரங்கத் என்கிற எங்கள் தீவு ஊரில் ரோடு காண்ட்ராக்டர். அவர் சம்சாரம் மீனா அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பங்குனி உத்திரம் வந்துவிட்டால் வீட்டில் இருக்கிற அத்தனை வண்டிச் சாவியும் ஒரு தட்டில் முருகன் காலடிக்குப் போய்விடும். சாமிக்கு ஊற்றுகிற பால், தயிர், தேன், பஞ்சாமிர்தம் எல்லாம் சாவிக்கும் உண்டு. வீட்டுக்கு வந்ததும் பிசுக்குப் போக வேண்டுமே. அக்கா புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரை வைத்து, குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி தேய்ப்பார். வருஷா வருஷம் இப்படித் தேய்த்தால் எந்தச் சாவிதான் தாங்கும்?

இந்தச் சில்லை வைத்து ஜீப்பைக் கிளப்ப ரங்கத்தில் ஒரே ஒரு ஆளால்தான் முடியும் என்று பேர். அது என் வீட்டுக்காரர். சாவியை முழுசாக உள்ளே விடுவார். அப்புறம் ஒரு அரிசி அளவு வெளியே இழுப்பார். கட்டைவிரலால் லேசாகத் தூக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, "கிளம்பு ராசா" என்பார். ஜீப் இருமிவிட்டுக் கிளம்பிவிடும். எதிரில் டீக்கடை வைத்திருக்கும் வங்காளி அண்ணன் மண்டல் தாதா ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டுவார். "சாபி மே குச் நஹி, சப் ஹாத் மே ஹை" என்பார். சாவியில் ஒன்றுமில்லையாம், எல்லாம் கையில்தான் இருக்கிறதாம்.

கையிலும் ஒரு மண்ணும் இல்லை. எல்லாம் முழங்காலில் இருந்தது.

அதை நான் கண்டுபிடித்தது கறிவேப்பிலையால். ஒருநாள் அண்ணாச்சி வீட்டு விசேஷத்துக்குச் சமையல் வேலை. வெளியே மழை என்பதால் நிறுத்தியிருந்த ஜீப்புக்குள் ஏறி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன். கொத்து ஒன்று கீழே விழுந்தது. குனிந்து துழாவினால், ஸ்டியரிங்குக்கு அடியில், முட்டி இடிக்கிற இடத்தில், ஃபேன் சுவிட்ச் மாதிரி ஒன்று கையில் தட்டுப்பட்டது. ஜீப்பில் ஏது ஃபேன்?

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். மனுஷன் முகம் வெளிறிப் போய்விட்டது.

"மெதுவாப் பேசு ராணி. பூசணிக்கொடிக்குக்கூடக் காது இருக்கு."

"என்ன சுவிட்சுன்னு கேட்டேன்."

"கரண்டுக்கு உள்ளது. அது ஆஃப்ல இருந்தா எந்தச் சாவி போட்டாலும் ஒரு லைட்டுகூட எரியாது. ஆன் பண்ணிட்டா எதைப் போட்டுத் திருப்புனாலும் வண்டி கிளம்பிரும். பூட்டுக்குள்ள ஒண்ணுமே இல்ல, எல்லாம் தேஞ்சு போச்சு."

"எதைப் போட்டாலுமா? நம்ம வீட்டுக் கரண்டிய?"

"கரண்டிக் காம்பு போதும்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அரிசி அளவு இழுக்கிறதும், கட்டைவிரலும், கிளம்பு ராசாவும் எல்லாம் நாடகம். முட்டியால் சுவிட்சைத் தட்டுகிறதை மறைக்கத்தான் மேலே அவ்வளவு ஜாலம். ஊரை ஏமாற்றியது இருக்கட்டும், கட்டின பெண்டாட்டி என்னிடமே இத்தனை வருஷம் மூச்சு விடவில்லையே. இரண்டு நாள் அவருக்குச் சோறு போட்டேன், பேச்சுப் போடவில்லை.

மூன்றாம் நாள் அவராகவே சொன்னார். "இந்த வீடு யாரோடது ராணி? அண்ணாச்சியோடது. டிரைவரா இருக்கிற வரைக்கும்தான் நமக்கு. லைசென்ஸ் வச்சிருக்கவன் மெயின்லேண்டுல இருந்து கப்பல் கப்பலா வந்து இறங்குறான். முத்து இல்லாட்டி வண்டி ஓடாதுன்னு இருக்கறதால நாம இங்க இருக்கோம்."

அண்ணாச்சி வீட்டுத் தோட்டத்துக்குப் பின்னால் தகரம் போட்ட இரண்டு அறை. மழைக்கு ஒழுகும், வெயிலுக்குக் கொதிக்கும். ஆனாலும் என் கையால் வைத்த மாதுளை அங்கேதான் நிற்கிறது. அன்றிலிருந்து அந்தச் சுவிட்ச் எனக்கும் ரகசியமாகிவிட்டது.

அப்புறம்தான் நந்தகுமார் வந்து இறங்கினான். மீனா அக்காவின் தம்பி. திருநெல்வேலியில் என்ன செய்தான் என்று யாருக்கும் தெரியாது, கறுப்புக் கண்ணாடியோடு வந்தான். அத்தான் வண்டியைத் தானே ஓட்டுவதாக வந்த அன்றைக்கே அக்காவிடம் சொல்லிவிட்டான். மறுநாள் காலையில் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டான். திருப்பினான், ஆட்டினான், எச்சில் தொட்டுப் போட்டான், ஊதிப் போட்டான். மண்டல் தாதா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். சட்டை நனைந்து இறங்கியதுதான் மிச்சம்.

விட்டானா? பஸ் ஏறி, காட்டு ரோட்டில் வண்டிகளைச் சேர்த்து அனுப்புகிற கான்வாய்க்குக் காத்திருந்து, போர்ட் பிளேருக்கே போய்விட்டான் புதுச் சாவி வெட்ட. சாவிக்காரர் அந்தச் சில்லை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் பல்லே இல்லையே தம்பி, நான் எதைப் பார்த்து வெட்டுவது என்றாராம். இருக்கிறபடியே வெட்டுங்கள் என்று இவன் பிடிவாதம் பிடித்திருக்கிறான். பளபளவென்று இன்னொரு சில்லு வந்து சேர்ந்தது. அதுவும் ஜீப்பிடம் பலிக்கவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றான். அண்ணாச்சிதான், "கிழட்டு வண்டிக்கு எதுக்குலே செலவு, முத்து இருக்கான்லா" என்று வாயை அடைத்துவிட்டார்.

நாங்கள் நிம்மதியாக இருந்தோம். ஒரே ஒரு குறை, ஜீப்பில் அவ்வப்போது டீசல் குறையும். டேங்க் ஒழுகுகிறது என்பார் என் வீட்டுக்காரர், அடியில் படுத்துத் தேடுவார். சீட்டுக்கடியில் ஒருநாள் மீன் முள் கிடந்தது. பூனை என்று நினைத்து நான் விரட்டாத பூனை இல்லை.

அந்த நிம்மதியும் மாசியோடு சரி. தம்பிக்காக மீனா அக்கா புதுக் காரே வாங்க வைத்துவிட்டார். கப்பலில் வந்து இறங்கியது, வெள்ளை வெளேரென்று. அதற்குச் சாவியே கிடையாது. ஒரு ரிமோட்தான். சட்டைப்பையில் அது கிடந்தால் போதும், கதவு திறக்கும், பட்டனை அமுக்கினால் வண்டி கிளம்பும். கியர்கூடத் தானாகவே போட்டுக்கொள்ளுமாம். அக்கா எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"உத்திரம் முடியட்டும் முத்து. ஜீப்பைக் குடுத்துடப் போறோம். பின்னாடி வீட்டைத் தம்பிக்கு ஒதுக்கணும். அதுக்குள்ள நீங்களும் ஒரு இடம் பாத்துக்கிடுங்க."

அண்ணாச்சி அங்கேதான் இருந்தார். விரதத்துக்குப் போட்ட மாலையை உருட்டிக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டி பேச்சுக்கு எதிர்ப்பேச்சு அவருக்கு வராது.

என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? வேலை நிலைத்தால் அலகு குத்திக் காவடி எடுப்பதாக முருகனுக்கு வேண்டிக்கொண்டார். அதுவும் கடனாக வைக்காமல், இந்த உத்திரத்துக்கே முன்கூட்டி.

"முருகனுக்கு நாக்குல வேல் குத்துறதுக்கு முந்தி, அதே நாக்கால அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன குறைஞ்சிரும்?" என்றேன்.

"கேக்க வராது ராணி" என்றார். அவ்வளவுதான் பதில்.

உத்திரம் வந்தது. அன்னதானத்துக்கு அரிசியும் அண்டாவும் ஏற்றி ஜீப்பைக் கோயில் பக்கவாட்டில் விட்டுவிட்டு, என் வீட்டுக்காரர் அலகு குத்தக் கிளம்பினார். சாவியை வழக்கம்போல மீனா அக்காவின் தட்டில் வைத்தார். அந்தத் தட்டில் இந்த வருஷம் புதிதாக ரிமோட்டும் உட்கார்ந்திருந்தது, பொட்டு வைத்துக்கொண்டு.

காரை நந்தகுமார் கோயில் வாசல் வளைவுக்கு நட்டநடுவில் நிறுத்தியிருந்தான். சாமி பார்வை நேராக வண்டிமேல் விழ வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு. பூசாரி பழனிசாமி தட்டைப் பார்த்துத் தயங்கினார்.

"அம்மா, இது உள்ள பேட்டரி எல்லாம் இருக்கும். திருநீறு மட்டும் வச்சுக் குடுத்திரட்டா?"

"எங்க வீட்டுச் சாவி எதுவும் நனையாம வந்ததில்ல பூசாரி. ஊத்துங்க."

ஊற்றினார். பால் ஊற்றினார், தயிர் ஊற்றினார், தேன் ஊற்றினார். வாழைப்பழமும் பேரீச்சையும் பிசைந்த பஞ்சாமிர்தத்தை இரண்டு கை அள்ளி அப்பினார். ரிமோட் எங்கே, முருகன் எங்கே என்று தெரியவில்லை. கழித்த பஞ்சாமிர்தத்தையெல்லாம் ஒரு பெரிய அண்டாவில் சேர்த்தார்கள். ஜீப் சாவி அதோடு அதாகப் போய்விட்டது என்று அப்போது யாரும் கவனிக்கவில்லை.

காவடிகள் வருகிற நேரம் ஆனது. காரை எடு என்றார்கள். நந்தகுமார் ரிமோட்டை வேட்டியில் துடைத்து அமுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. உதறினான். தேன் சொட்டியது. ஈரம் காய்ந்தால் சரியாகிவிடும் என்று அன்னதான அடுப்பில் கொண்டுபோய் வாட்டினான் பாருங்கள், அங்கேதான் அவன் மூளை முழுசாக வெளியே வந்தது. பிளாஸ்டிக் உருகி, உள்ளே இருந்ததெல்லாம் வெந்து, அப்பம் மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு ரிமோட் எங்கே என்றால், போர்ட் பிளேரில் காரை இறக்கிக் கொடுத்த ஏஜெண்ட் வீட்டில் பத்திரமாக இருக்கிறதாம். அது நாளைக் கான்வாயில்தான் வர முடியும்.

ரிமோட்டுக்குள் அவசரத்துக்கென்று ஒரு சின்னச் சாவி ஒளிந்திருந்தது. அதை நெம்பி எடுத்துக் கதவைத் திறந்தான். திறந்ததும் காரே ஊளையிட ஆரம்பித்தது. நாதஸ்வரக்காரர் கொஞ்ச நேரம் அதோடு போட்டி போட்டுப் பார்த்துவிட்டு சீவாளியைக் கழற்றி வைத்துவிட்டார். ஸ்டியரிங் அசையவில்லை, கியர் அசையவில்லை. பத்துப் பேர் தோள்கொடுத்துத் தள்ளியும் கார் கும்பிடு போட்ட இடத்திலேயே நின்றது.

அதற்குள் காவடிகள் வந்துவிட்டன. வளைவு அடைபட்டுக் கிடக்க, நல்ல வெயிலில் தார் ரோட்டில் வரிசையாக நின்றார்கள். சாமி முன்னால் போய்த்தான் அலகை இறக்க வேண்டும், நடுரோட்டில் இறக்கக் கூடாது. வரிசையின் தலைப்பில் என் வீட்டுக்காரர். நாக்கில் வேல். தோளில் காவடி. கால் மாற்றி மாற்றி வைக்கிறார். அவர் காலுக்கு யாரோ ஊற்றிய தண்ணீர் விழுந்த உடனே ஆவியாகப் போனது.

"ஜீப்ப வச்சு இழுத்திரலாம்" என்று ஒருவர் சொன்னார். "ஜீப்ப எடுக்க முத்து வேணுமே" என்றார் இன்னொருவர். எல்லோரும் வரிசையின் தலைப்பைப் பார்த்தார்கள். காவடியோடு வண்டி ஓட்ட முடியுமா?

"சாவி எங்க?" என்றேன் நான்.

பூசாரி அண்டாவைக் காட்டினார். நீளக் கரண்டி ஒன்றை எடுத்துப் பஞ்சாமிர்தத்துக்குள் துழாவினேன். பேரீச்சங்கொட்டை வந்தது, கற்கண்டு வந்தது, சாவி வரவில்லை. கையில் இருந்த கரண்டியைப் பார்த்தேன். பித்தளைக் கரண்டி, காம்பு தட்டையாக இருந்தது.

நிமிர்ந்தால் என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன நினைக்கிறேன் என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்துவிட்டது. பேச முடியாதே. வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினார். காவடி மணியெல்லாம் சேர்ந்து வேண்டாம் வேண்டாம் என்றது. உதட்டோரம் எச்சிலும் ரத்தமும் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த வேல் எதற்காக? எங்கள் வீட்டுக்காக. அந்த வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்ன? இந்த ரகசியம். நான் கரண்டியைப் போட்டேன் என்றால் எல்லாம் போயிற்று.

எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆத்திரமும் வந்தது. வீடு போனால் இன்னொரு வீடு பார்க்கலாம். மாதுளை போனால் இன்னொன்று நட்டுக்கொள்ளலாம். இந்த மனுஷன் வெயிலில் சுருண்டு விழுந்தால் நான் யாரைப் போய்ப் பார்ப்பேன்? "நீங்க சும்மா நில்லுங்க" என்று அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

ஓட்ட எனக்குத் தெரியும், வயல் பக்கம் அவரே சொல்லிக் கொடுத்திருந்தார். லைசென்ஸ் இல்லை, அதைக் கேட்கிற நிலையில் யாரும் இல்லை. பந்தல் கயிற்றை எடுத்துக் காருக்கும் ஜீப்புக்கும் கட்டினார்கள். சேலையைச் சரிசெய்கிற சாக்கில் முட்டியால் சுவிட்சைத் தட்டினேன். கரண்டிக் காம்பைச் சொருகினேன். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. திருப்பினேன்.

ஜீப் இருமிவிட்டுக் கிளம்பியது.

மண்டல் தாதா, "அரே, சம்மச் ஸே" என்றார். கரண்டியாலா என்று அவருக்கு நம்ப முடியவில்லை. ஊளையிடுகிற காரை டயர் தேயத் தேய இழுத்து வாசலுக்கு வெளியே போட்டேன். காவடிகள் உள்ளே போயின. நான் கரண்டியைத் திருப்பி வண்டியை நிறுத்தி இறங்கி, எதையும் எடுக்காமல், அவர் பின்னால் ஓடினேன்.

சந்நிதியில் அலகை இறக்கினார்கள். நாக்கில் திருநீறு அப்பினார்கள். என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். இரண்டு திட்டு திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். நாக்கு வீங்கியிருந்தது, பேச்சு குழறியது.

"சுவிட்ச ஆஃப் பண்ணுனியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுவிட்ச் ஆனில் கிடந்தது. கரண்டி பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

இருவரும் ஓடினோம். நாங்கள் போவதற்குள் நந்தகுமார் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டான். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கரண்டியைப் பிடித்திருந்தான். பக்கத்தில் மீனா அக்கா, "பாத்தியா தம்பி, ஒரு கரண்டிக்குப் போற வண்டிய வச்சுக்கிட்டு நம்மள எத்தன வருஷம் ஏமாத்திருக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார்.

நந்தகுமார் திருப்பினான்.

ஜீப் ஒரு சத்தமும் போடவில்லை. மறுபடி திருப்பினான். ஆட்டினான். எச்சில் தொட்டான். ஒரு லைட்டுகூட எரியவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். டிரைவர் பக்கம் குழந்தைவேலு அண்ணாச்சி கதவில் சாய்ந்து நின்றிருந்தார். ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்து கையை மெதுவாக வெளியே எடுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"உனக்கு வராதுலே, இறங்கு" என்றார் மச்சினனிடம். அப்புறம் சம்சாரத்தின் பக்கம் திரும்பினார். "பாத்தல்லா மீனா? கரண்டியில ஒண்ணுமில்ல. இது முத்து குடும்பத்துக்குத்தான் மசியும். புதுசு ஒருநாள் பூசைக்கே படுத்துட்டு. முருகன் வாசல்லயே வழி காட்டிருக்கான், இத விக்கதுன்னு பேசாத."

முருகன் பேரைச் சொன்னதும் மீனா அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நந்தகுமாரைக் கூட்டிக்கொண்டு ஊளையிடும் காரைச் சமாதானப்படுத்தப் போனார்.

அண்ணாச்சி எங்கள் பக்கம் வந்தார். என் வீட்டுக்காரர் கையைக் கூப்பினார். நான்தான் கேட்டேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

அவர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டார். கழுத்தில் கிடந்த விரத மாலையைச் சட்டைக்குள் தள்ளினார்.

"ஏம்மா, வருஷா வருஷம் இத்தன நாள் விரதம். ஒரு மனுஷன் எத்தன நாளுதான் கத்தரிக்காயே திங்க முடியும்? அவ மத்தியானம் கண்ணசந்தா, அவ கொண்டை ஊசிய உருவிக்கிட்டு படகு அடையுற ரங்கத் பே ஜெட்டிக்கு ஒரு நடை. சுடச்சுட வஞ்சிரம் வறுத்துத் தாரான். இந்த வண்டிய வித்துட்டா நான் எதுல போவேன்? மச்சினன் காரையா கேக்க முடியும்?" குரலைத் தாழ்த்தினார். "வெளிய விட்டுராதீங்க. உங்க வீடு மட்டும் இல்ல, என் வீடும் போயிரும்."

என் வீட்டுக்காரர் வீங்கின நாக்கைச் சுழற்றி, கஷ்டப்பட்டு ஒரு வாக்கியம் சேர்த்தார்.

"அப்ப டேங்க் ஒழுகலையா?"

அண்ணாச்சி ஜீப்புக்குள் எட்டிக் கரண்டியைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். ஜீப்பின் பழைய சாவி கடைசிவரை கிடைக்கவில்லை, அன்னதானத்தில் யார் இலையில் விழுந்ததோ.

"இனிமே இதான் சாவி, பத்திரமா வை" என்றார். "மீனா கண்ணுல மட்டும் காட்டிராத. புளி போட்டுத் தேச்சிருவா."